ஸ்டீராய்டு மாத்திரையில் வெள்ளையணு ஏன் கூடுகிறது? அணுக்கள் நாளச்சுவரில் ஒட்டுவதும் நகர்வதும் பற்றி ஒரு கேள்வி

கேள்வி: கோட்டையூர் விலங்கியல் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடிக்கு அருகில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் கற்பித்து வருகிறேன். என் கேள்வியில் பாதி வீட்டிலிருந்தும் மீதி வகுப்பறையிலிருந்தும் வருகிறது. இரண்டுக்கும் விடை ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றுவதால் சேர்த்தே கேட்கிறேன்.

என் அப்பச்சிக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. முடக்குவாதத்துக்காக நெடுநாளாகக் குறைந்த அளவில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு வருகிறார். ஊருணிக் கரையில் செருப்பில்லாமல் நடந்தபோது சீமைக் கருவேல முள் குதிகாலில் ஏறி, முனை உள்ளேயே முறிந்துவிட்டது. எத்தனை சொல்லியும் கேளாமல் ஊக்கு முனையால் தாமே கிண்டிப் பார்த்திருக்கிறார். மறுநாள் குதிகாலைச் சுற்றித் தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு சிவந்து, தொட்டால் சுடுவதுபோல் இருந்தது. முள் ஏறிய புள்ளியில் மட்டும் கடுகளவு மஞ்சளாகத் தெரிந்தது. மருத்துவர் முள்ளை எடுத்து, டெட்டனஸ் ஊசி போட்டு, ஆன்டிபயாடிக் கொடுத்து, இரத்தப் பரிசோதனையும் எழுதினார். வெள்ளையணுக்களின் மொத்த எண்ணிக்கை 14,800 என்றும், அதில் நியூட்ரோஃபில் என்ற வகை 84 விழுக்காடு என்றும் அறிக்கை வந்தது. "இதில் கொஞ்சம் முள்ளால் ஏறியது, கொஞ்சம் மாத்திரையால் ஏறியது, பயப்பட வேண்டாம்" என்று மருத்துவர் சொன்னார்.

அழற்சியைத் தணிப்பதற்காகவே கொடுக்கப்படும் ஒரு மாத்திரை, அழற்சியின் படையாட்களான வெள்ளையணுக்களை இரத்தத்தில் எப்படிக் கூட்டும் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து, "ஓடுற ரத்தத்துல அடிச்சுக்கிட்டுப் போற செல்லுக்கு, இந்தக் குதிகால்லதான் இறங்கணும்னு எப்படி டீச்சர் தெரியும்?" என்று கேட்டாள். வெள்ளையணுக்கள் நாளச்சுவரைத் துளைத்து வெளியேறும் என்று பாடநூலில் ஓரிரு வரிதான் உள்ளது. விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: காரைக்குடி, பணி ஓய்வு பெற்ற நோயியல் பேராசிரியர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். உங்கள் மாணவியின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது அவிழ்ந்தால் மாத்திரைக் கேள்வியின் முடிச்சும் பெரும்பாலும் தளர்ந்துவிடும்.

எங்கே இறங்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்வது நாளச்சுவர். முள் குத்திய இடத்தில் சிதைந்த செல்களிலிருந்தும், முள்ளோடு உள்ளே போன பாக்டீரியாக்களிலிருந்தும் கசியும் பொருள்களை, திசுவில் ஏற்கெனவே குடியிருக்கும் மாஸ்ட் செல்களும் மேக்ரோபேஜ்களும் உணர்ந்து, ஹிஸ்டமினையும், டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-1 போன்ற செய்திப் புரதங்களையும் வெளியிடுகின்றன. அருகிலுள்ள நுண்சிரைகளின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் எண்டோதீலியச் செல்களை அவை எட்டுகின்றன. அதுவரை எதுவும் ஒட்டாத வழுவழுப்பான பரப்பாக இருந்த அந்தச் சுவர், சில நிமிடங்களுக்குள் பி-செலக்டின் என்ற புரதத்தை இரத்தம் ஓடும் பக்கமாக நீட்டிவிடுகிறது. இவ்வளவு விரைவாக நீட்ட முடிவதற்குக் காரணம், அந்தப் புரதம் முன்கூட்டியே செய்து வைக்கப்பட்டிருப்பதுதான். எவால்ட் வைபெல், ஜார்ஜ் பலாடே ஆகிய இருவரும் 1964-இல் மின்னணு நுண்ணோக்கியில் கண்டு விவரித்த நீள்வடிவ நுண்பைகளில் அது தயாராக இருக்கிறது. ஹிஸ்டமின் பட்டதும் பை செல்லின் மேற்பரப்புக்கு வந்து திறந்துகொள்கிறது. அதன் உறவுப் புரதமான ஈ-செலக்டினோ புதிதாகத் தயாரிக்கப்பட வேண்டியது என்பதால் வெளிவரச் சில மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. முள் குத்திய உடனே தோன்றும் சிவப்புக்கும், இரவு கழிந்து எழும்போது காணும் முழு வீக்கத்துக்கும் இடையே நேர வேறுபாடு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இது நடக்கும் இடம் ஏன் பெரும்பாலும் நுண்சிரையாக இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். தந்துகியின் குறுகிய வழியில் அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக முடியும். தந்துகி நுண்சிரையாக அகலும் இடத்தில் சிவப்பணுக்கள் ஒன்று சேர்ந்து நடுவோட்டத்தைப் பிடித்துக்கொண்டு, பருத்த வெள்ளையணுக்களை ஓரத்துக்கு ஒதுக்கிவிடுகின்றன. அழற்சியில் நாளம் விரிவதாலும், நீர்ப்பகுதி வெளியே கசிந்து இரத்தம் கெட்டிப்படுவதாலும் ஓட்டம் மந்தமாகி, இந்த ஒதுங்கல் இன்னும் மிகுகிறது. ஓரத்தில் வரும் நியூட்ரோஃபிலின் மேற்பரப்பில் நுண்ணிய விரல்கள்போல் நீட்சிகள் உண்டு. பிஎஸ்ஜிஎல்-1 என்ற புரதம் அவற்றின் நுனிகளில் திரண்டிருக்கிறது. அதுதான் செலக்டினுக்கு இணை.

செலக்டின் பிடி மிக மெலிதானது. நொடிப்பொழுது பற்றி, உடனே விட்டுவிடும். அணுவின் பின்பக்கம் ஒரு பிடி அறும்போது முன்பக்கம் புதிய பிடி விழுவதால், அணு சுவர்மேல் உருண்டு உருண்டு போகிறது. நடுவோட்டத்தில் நொடிக்குப் பல நூறு மைக்ரோமீட்டர் விரையும் இரத்தத்துக்கு அருகிலேயே, இந்த அணுக்கள் நொடிக்குச் சில பத்து மைக்ரோமீட்டர் மட்டுமே உருள்கின்றன. ஈ-செலக்டினும் வந்து சேர்ந்த பிறகு அந்த வேகம் 10-க்கும் கீழே இறங்கிவிடும். இந்தப் பிடியில் ஒரு விந்தை உண்டு. சாதாரணமாக எந்தப் பிணைப்பையும் இழுக்க இழுக்க அது விரைவில் அறும். செலக்டின் பிணைப்போ, ஒரு வரம்பு வரை, கிணற்று வாளியில் போட்ட சுருக்கைப்போல் இழுக்க இழுக்க இறுகுகிறது. 2003-இல் வெளியான ஆய்வில் தனித்தனி மூலக்கூறுகளை இழுத்துப் பார்த்தே இதை நிறுவினார்கள். அதனால்தான் ஓட்டமே இல்லாத இடத்தில் இந்த உருளல் சரிவர நடப்பதில்லை. இரத்தம் ஓடினால்தான் பிடி நிலைக்கிறது.

உருளும்போதுதான் அணுவுக்குச் செய்தி படிக்க அவகாசம் கிடைக்கிறது. நாளச்சுவரில் கீமோகைன்கள் என்னும் சிறு புரதங்கள், குறிப்பாக இன்டர்லூக்கின்-8, ஒட்டவைக்கப்பட்டதுபோல் காத்திருக்கின்றன. உருளும் நியூட்ரோஃபிலின் ஏற்பி அதைத் தொட்டதும், ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில், அணுவின் மேற்பரப்பில் மடங்கிக் கிடந்த இன்டெக்ரின் புரதங்கள் நிமிர்ந்து நீண்டு, இறுகப் பற்றும் வடிவத்துக்கு வருகின்றன. எல்எஃப்ஏ-1 என்ற இன்டெக்ரின், சுவரிலுள்ள ஐகேம்-1 புரதத்தைப் பற்றிக்கொண்டதும் அணு நின்றுவிடுகிறது. செலக்டின் உருட்டத்தான் செய்யும், நிறுத்துவதற்கு இன்டெக்ரின் வேண்டும், உருளாத அணுவை ஓட்டத்தில் நிறுத்தவும் முடியாது என்ற வரிசையை மைக்கேல் லாரன்ஸும் திமோத்தி ஸ்பிரிங்கரும் 1991-இல் செயற்கைப் பரப்பின்மேல் திரவத்தை ஓடவிட்டுத் தெளிவாகக் காட்டினார்கள்.

ஆக, மாணவிக்கு நீங்கள் இப்படிச் சொல்லலாம்: மெல்லப் பற்றுதல், செய்தி படித்தல், இறுகப் பற்றுதல் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் அடுத்தடுத்து நடந்தால்தான் அணு இறங்கும். ஏதேனும் ஒன்று மட்டும் தற்செயலாக வேறிடத்தில் நடந்துவிட்டால், அணு சிறிது தூரம் உருண்டுவிட்டு மறுபடியும் ஓட்டத்தில் சேர்ந்துவிடும். நல்ல காலிலும் இதே இரத்தம்தான் ஓடுகிறது. ஆனால் அங்கே சுவர் எதையும் நீட்டவில்லை.

நான் படித்த காலத்தில் தவளையின் குடல்தாங்கு சவ்வை நுண்ணோக்கியின் கீழ் விரித்துக் காட்டுவார்கள். நடுவில் சிவப்பணுக்கள் தனித்தனியே தெரியாமல் ஒரே பட்டையாக விரைய, ஓரத்தில் நிறமற்ற சில உருண்டைகள் தயங்கித் தயங்கி வரும். அவற்றில் ஒன்று நிற்கும். அடுத்து வருவது அதன்மேல் மோதித் தாண்டிப் போகும். நின்றது மெல்லத் தட்டையாகி, சுவரோடு படிந்துவிடும். இடைவேளைக்குப் பின் வந்து பார்த்தால் அதே அணு சுவருக்கு வெளியே இருக்கும். 1846-இலேயே அகஸ்டஸ் வாலர் தவளையின் நாக்கில் இதைக் கண்டு எழுதியிருக்கிறார். சீழிலுள்ள செல்கள் அந்தந்தத் திசுவிலேயே பிறப்பவை என்று நோயியல் அறிஞர் வீர்கோ போன்ற பெரியவர்கள் கருதியிருந்த காலத்தில், வீர்கோவின் மாணவரான ஜூலியஸ் கோன்ஹைம் 1867-இல் தவளையின் குடல்தாங்கு சவ்வைக் கவனித்து, அவை இரத்தத்திலிருந்து வெளியேறி வருபவை என்று எடுத்துக்காட்டினார். உங்கள் அப்பச்சியின் குதிகாலில் கண்ட கடுகளவு மஞ்சளும் அப்படி வெளியேறி வந்து மடிந்த நியூட்ரோஃபில்களின் குவியல்தான்.

பதில்: தேவகோட்டை பொது மருத்துவர்

பேராசிரியர் ஐயா விட்ட இடத்திலிருந்து மாத்திரைக் கேள்விக்கு வருகிறேன்.

இரத்தப் பரிசோதனையில் நாம் எண்ணுவது ஊசியில் வந்த அணுக்களை மட்டும்தான் என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். நாளங்களுக்குள் இருக்கும் நியூட்ரோஃபில்களில் ஏறத்தாழப் பாதி ஓட்டத்தில் இருப்பதில்லை. சிரைகளின் ஓரத்திலும், நுரையீரல், மண்ணீரல் போன்ற உறுப்புகளின் நுண்குழல்களிலும் ஒதுங்கி நிற்கின்றன. அவை நம் எண்ணிக்கையில் வருவதே இல்லை. ஸ்டீராய்டு அந்த ஒதுங்கலைத் தளர்த்தி, ஓரத்தில் நின்றவற்றை நடுவோட்டத்துக்கு விட்டுவிடுகிறது. அதோடு, அழற்சி அடைந்த எண்டோதீலியத்தில் ஈ-செலக்டினும் ஐகேம்-1-உம் உருவாவதைக் குறைப்பதால் அணுக்கள் இறங்குவதற்கான பிடி குறைகிறது. எலும்பு மச்சையிலிருந்து புதிய நியூட்ரோஃபில்கள் வெளிவருவதை அது கூட்டுகிறது. இருக்கும் நியூட்ரோஃபில்கள் மடிவதையும் தள்ளிப்போடுகிறது. வரவு கூடி, செலவு குறைந்து, ஒதுங்கி நின்றதும் கணக்கில் வந்துவிட்டால் எண்ணிக்கை ஏறத்தானே செய்யும்! இரத்தத்தில் அணுக்கள் மிகுந்திருப்பதும் புண்ணில் அவை குறைந்திருப்பதும் ஒரே செயலின் இரு பக்கங்கள். எனவே, "கொஞ்சம் முள்ளால், கொஞ்சம் மாத்திரையால்" என்று உங்கள் மருத்துவர் சொன்னது முற்றிலும் சரி.

இரண்டையும் பிரித்தறிய மொத்த எண்ணிக்கை அவ்வளவாக உதவாது. இரத்தப் பூச்சை லீஷ்மன் சாயமிட்டுப் பார்க்கும்போது, முதிர்ந்த நியூட்ரோஃபிலின் உட்கரு மூன்று நான்கு மடல்களாகப் பிரிந்து மெல்லிய இழையால் இணைந்திருக்கும். முதிராததன் உட்கரு மடல் பிரியாமல் வளைந்த பட்டைபோல் இருக்கும். தொற்று கடுமையாக இருந்தால் எலும்பு மச்சை முதிராதவற்றையும் அவசரமாக அனுப்புவதால் இந்தப் பட்டைச் செல்கள் மிகும். அணுவின் உள்ளே கரும் ஊதாத் துகள்களும் தெரியலாம். ஸ்டீராய்டால் மட்டும் ஏறிய எண்ணிக்கையில் இவை பொதுவாக அதிகம் இருப்பதில்லை. மற்ற வெள்ளையணு வகைகளான லிம்போசைட்டும் ஈசினோஃபிலும் குறைந்திருக்கும். அறிக்கையில் இந்த விவரம் இல்லையென்றால், பூச்சைப் பார்த்து எழுதித் தரும்படி பரிசோதனைக் கூடத்தில் கேட்கலாம்.

எண்ணிக்கை ஏறியதைக் கண்டு யாரும் பிரெட்னிசோலோனைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. நெடுநாள் சாப்பிட்டவர்களுக்கு அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கும் என்பதால் திடீர் நிறுத்தம் உயிருக்கே ஆபத்தாகலாம். இதில் எதிர்ப்பக்கத்து ஆபத்தும் ஒன்று உண்டு. பிடி குறைந்திருப்பதால் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களின் புண்ணில் சிவப்பும் சூடும் வலியும் உள்ளபடி வெளியே தெரியாமல் போகலாம். வீக்கம் சிறிதாக இருக்கிறது என்று அசட்டையாக இருந்துவிடாமல், குதிகாலைத் தினமும் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். சர்க்கரை நோயும் இருந்தால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதபோது நியூட்ரோஃபில்கள் நகர்வதும் கிருமியைக் கொல்வதும் மந்தமாகிவிடுகின்றன.

பதில்: செக்காலை வாசகர்

நல்ல உரையாடல். எனக்கு ஒரு சந்தேகம். வீக்கம், வலி, சீழ் எல்லாமே இந்த அணுக்கள் வந்து இறங்குவதால்தான் என்றால், ஒட்டவே விடாமல் தடுக்கும் மருந்தை எல்லாருக்கும் கொடுத்துவிடலாமே? கிருமியை ஆன்டிபயாடிக் பார்த்துக்கொள்ளாதா?

பதில்: பள்ளத்தூர், செல் உயிரியல் ஆய்வு மாணவி

அண்ணா, ஒட்டவே முடியாமல் பிறக்கும் குழந்தைகளைப் பார்த்தால் உங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

இன்டெக்ரின்களின் ஒரு பாதியான சிடி18 புரதம் பிறவியிலேயே இல்லாமல் போகும் அரிய குறைபாடு ஒன்று உண்டு. சாதாரணமாக ஓரிரு வாரங்களில் விழுந்துவிடும் தொப்புள்கொடி இக்குழந்தைகளுக்கு மூன்று வாரம் கடந்தும் விழாமல், அடியில் புண்ணாகி நிற்கும். தோலிலும் ஈறிலும் திரும்பத் திரும்பத் தொற்று வரும்; ஆனால் ஒரு துளி சீழ் வைக்காது. இரத்தத்திலோ வெள்ளையணுக்கள் பல்லாயிரக்கணக்கில் மிகுந்து கிடக்கும். இறங்க வழியில்லாமல் அவை ஓட்டத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கின்றன. கடுமையான வகையில் ஆன்டிபயாடிக் மட்டும் போதுவதில்லை. எலும்பு மச்சை மாற்று தேவைப்படுகிறது. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்நோய் வரும் என்பதால், நெருங்கிய உறவில் திருமணம் நடக்கும் குடும்பங்களில் இதற்கான வாய்ப்பு கூடுகிறது.

இதன் இரண்டாம் வகையில் பழுது இன்டெக்ரினில் இல்லை. செலக்டின் பற்றிக்கொள்ளும் சர்க்கரை மூலக்கூறில் இருக்கிறது. ஃபியூகோஸ் என்ற சர்க்கரையைச் செல்லுக்குள் உரிய இடத்துக்குக் கொண்டுசெல்ல முடியாததால், அணுக்கள் உருளவே முடிவதில்லை. 1952-இல் மும்பையில் பெண்டேயும் அவருடைய குழுவினரும் முதலில் விவரித்த 'பாம்பே' இரத்த வகைதான் இந்த நோயாளிகளிடமும் காணப்படுகிறது; காரணம், அந்த இரத்த வகையைத் தீர்மானிக்கும் மூலக்கூறுக்கும் ஃபியூகோஸ்தான் வேண்டும். நம் நாட்டில் பாம்பே வகை உள்ள மற்றவர்கள் இதைப் படித்து அஞ்ச வேண்டாம். அவர்களுக்குப் பழுது வேறு மரபணுக்களில் இருக்கிறது; அவர்களுடைய வெள்ளையணுக்கள் ஒழுங்காகவே உருள்கின்றன.

ஒட்டுவதைத் தடுக்கும் மருந்துகள் ஏற்கெனவே வந்துவிட்டன. எல்லாருக்கும் கொடுக்கத்தான் முடியாது. மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்காக, ஆல்ஃபா-4 இன்டெக்ரினை மறிக்கும் நடாலிசுமாப் அமெரிக்காவில் 2004-இல் அனுமதிக்கப்பட்டது. மூளைக்குள் லிம்போசைட்டுகள் இறங்காமல் தடுத்ததில் அது வென்றது. அதே காரணத்தால், வழக்கமாக அடங்கிக் கிடக்கும் ஜேசி வைரஸ் சிலருக்கு மூளையில் தலைதூக்கியது. 2005-இல் மருந்து திரும்பப் பெறப்பட்டு, கடும் கண்காணிப்பு விதிகளோடு 2006-இல் மறுபடி வந்தது. அதன் பிறகு 2014-இல் வந்த வெடோலிசுமாப், குடலில் இறங்கும் லிம்போசைட்டுகளின் இன்டெக்ரினை மட்டும் குறிவைப்பதால், பெருங்குடல் புண் அழற்சியில் மூளையைத் தொடாமல் பயன்படுகிறது. என் பார்வையில் இத்துறையின் உண்மையான முன்னேற்றம் இதுதான்: எந்த ஊரில் இறங்குவதைத் தடுக்க வேண்டுமோ அங்கே மட்டும் தடுப்பது.

நம் மாநில மலரான செங்காந்தளுக்கும் இதில் பங்கு உண்டு. அதன் விதையிலிருந்தும் கிழங்கிலிருந்தும் பிரித்தெடுக்கப்படும் கால்ச்சிசின், கீல்வாதத்தில் நியூட்ரோஃபில்கள் மூட்டுக்குள் திரளுவதைக் குறைக்கிறது. எண்டோதீலியத்தில் ஈ-செலக்டின் பரவியிருக்கும் விதத்தைக் குலைப்பது அதன் வேலைகளில் ஒன்று. செடியின் எல்லாப் பகுதியும் கொடிய நஞ்சு. மருத்துவர் எழுதித் தரும் மில்லிகிராம் அளவுக்கு மேல் அது மருந்தன்று; கிழங்கை அரைத்து யாரும் முயன்று பார்த்துவிட வேண்டாம்.

இனி ஆசிரியை அக்காவுக்கு: அணு நின்ற பிறகு என்ன நடக்கிறது என்பதையும் மாணவிகளிடம் சொல்லலாம், எனக்கு மிகப் பிடித்த பகுதியும் அதுதான். நின்ற நியூட்ரோஃபில் அதே இடத்தில் துளைத்து வெளியேறுவதில்லை. மேக்-1 என்ற மற்றோர் இன்டெக்ரினைக் கொண்டு, சில வேளை இரத்த ஓட்டத்துக்குக் குறுக்காகவும் எதிராகவும்கூட, சுவர்மேல் ஊர்ந்து போய் எண்டோதீலியச் செல்கள் ஒன்றோடொன்று சேரும் பொருத்தைத் தேடுகிறது. அங்கே பீகேம்-1, சிடி99 முதலிய புரதங்கள் வழிவிட, தன்னை நீட்டி நுழைகிறது. சிறுபான்மை அணுக்கள் ஒரு செல்லின் உடல் வழியாகவே புகுந்து போவதும் உண்டு. உட்கரு பல மடல்களாகப் பிரிந்திருப்பது இப்படி நெருக்கியடித்து நுழைய உதவுகிறது என்று கருதப்படுகிறது. சுவரைக் கடக்கச் சில நிமிடங்கள் ஆகும். அதற்கு அடுத்துள்ள அடித்தளச் சவ்வைக் கடக்க இன்னும் சற்று நேரம் பிடிக்கும்.

திசுவுக்குள் வந்தபின் நடை மாறிவிடுகிறது. அணுவின் முன்பக்கம் ஆக்டின் இழைகள் பின்னிப் பின்னிச் சவ்வை முன்னே தள்ளுகின்றன. பின்பக்கம் மயோசின் சுருங்கி உடலை இழுத்துக்கொள்கிறது. பாக்டீரியாப் புரதங்களின் தொடக்கத்தில் வரும் ஃபார்மைல் மெத்தியோனின் போன்ற அடையாளங்கள் எந்தப் பக்கம் சற்று மிகுதியோ, அந்தப் பக்கம் முன்பக்கமாகிறது. நிமிடத்துக்குச் சுமார் 10 மைக்ரோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால், ஒரு மில்லிமீட்டர் தூரத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். இதில் நான் வியந்தது ஒன்று. இன்டெக்ரின் அனைத்தையும் நீக்கிய எலி வெள்ளையணுக்கள் நாளச்சுவரில் நிற்க முடியாமல் போனாலும், கொலாஜன் வலைக்குள் விட்டால் நன்றாகவே நடக்கின்றன என்று 2008-இல் ஓர் ஆய்வு காட்டியது. முப்பரிமாண வலைக்குள், எதையும் பற்றாமல், உடலை ஒழுகவிட்டும் நெருக்கியும் இடுக்குகளின் வழியே அவை போய்விடுகின்றன. ஒட்டுதல் தேவைப்படுவது இரத்தம் அடித்துக்கொண்டு ஓடும் நாளத்துக்குள்தான்.

இலியா மெச்னிகாஃப் 1882-இல் சிசிலியின் மெஸ்ஸினாவில் நட்சத்திரமீனின் ஒளி ஊடுருவும் லார்வாவில் ரோஜா முள்ளைக் குத்திவைத்து, நகரும் செல்கள் முள்ளைச் சுற்றிக் கூடியதை மறுநாள் காலை கண்டார். 1908-இல் பால் ஏர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்தார். அந்த லார்வாவில் இரத்த நாளமே கிடையாது என்பதைக் கவனியுங்கள். அவர் கண்டது இரண்டாம் பாதியான நடையை மட்டும். நாளச்சுவரில் நிகழும் முதல் பாதிக்குக் கோன்ஹைமின் தவளைதான் சாட்சி. வகுப்பில் இரண்டு சோதனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து காட்டினால் பிள்ளைகளுக்குப் பளிச்சென்று விளங்கும் என்று நினைக்கிறேன்.

கேள்வி கேட்டவர்: கோட்டையூர் விலங்கியல் ஆசிரியை

மூவருக்கும் மிக்க நன்றி. 'பாதி அணுக்கள் எண்ணிக்கையில் வருவதே இல்லை' என்ற ஒன்று தெரியாததால்தான் இத்தனை குழப்பம். அப்பச்சிக்குக் குதிகால் வீக்கம் வடிந்துவருகிறது. ஆனால் தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறது. அதுவும் இதே ஒட்டுதலால் வருவதா? மருத்துவர் ஐயாவிடம் இன்னொன்று: எண்ணிக்கையை மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்; அப்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: காரைக்குடி, பணி ஓய்வு பெற்ற நோயியல் பேராசிரியர்

நெறி கட்டுவதிலும் இதே வரிசைக்குப் பங்கு உண்டு, வேறு அணுக்களோடு. காலிலிருந்து வரும் நிணநீர் தொடை இடுக்கிலுள்ள நிணநீர்க் கணுக்களில்தான் வடிகட்டப்படுகிறது. அக்கணுக்களிலுள்ள தனிவகை நுண்சிரைகளின் உட்சுவர்ச் செல்கள் தட்டையாக இல்லாமல் உயர்ந்து திரண்டிருக்கும். லிம்போசைட்டுகள் தம்மிடமுள்ள எல்-செலக்டினால் அங்கே உருண்டு, கீமோகைன் செய்தி பெற்று, எல்எஃப்ஏ-1 கொண்டு நின்று உள்ளே இறங்குகின்றன. இது நோயில்லாத நாளிலும் இடைவிடாமல் நடக்கும் போக்குவரத்து. புண்ணிலிருந்து செய்தி வந்ததும் உள்ளே இறங்குவது கூடுகிறது, வெளியேறுவது சிறிது காலம் மட்டுப்படுகிறது, இறங்கியவையும் பெருகத் தொடங்குகின்றன. கணு பருத்து வலிக்கிறது. புண் ஆறினால் பெரும்பாலும் சில வாரங்களில் தானே கரைந்துவிடும். வலியில்லாமல் கெட்டியாக நீடித்தாலோ தொடர்ந்து வளர்ந்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பதில்: தேவகோட்டை பொது மருத்துவர்

மறுபரிசோதனைக்கு, முடிந்தால் முதலில் எடுத்த அதே கூடத்துக்கே, காலையில் மாத்திரை சாப்பிடும் முன் அழைத்துச் செல்லுங்கள். மாத்திரை உள்ளே போன நான்கைந்து மணி நேரத்தில் நியூட்ரோஃபில் எண்ணிக்கை உச்சத்துக்கு ஏறும் என்பதால், ஒரு நாள் காலையிலும் மறுமுறை மதியத்திலும் எடுத்த இரண்டு எண்களை ஒப்பிட்டால் தவறான முடிவுக்கு வந்துவிடுவோம். இரத்தம் எடுத்ததும் தாமதிக்காமல் மாத்திரையைக் கொடுத்துவிடுங்கள். அன்றைய அளவு தவறக் கூடாது. மாடி ஏறி வந்த மூச்சிரைப்போடு ஊசிக்குக் கையை நீட்டவும் வேண்டாம். உடலுழைப்பிலும் பதற்றத்திலும் சுரக்கும் அட்ரினலினே ஓரத்து அணுக்களைச் சில நிமிடங்களில் ஓட்டத்துக்கு இறக்கிவிடும். கால் மணி நேரம் உட்கார வைத்துப் பிறகு எடுக்கச் சொல்லுங்கள். காய்ச்சலோ குளிரோ வந்தாலும், சிவப்பு கணுக்காலைத் தாண்டிக் கோடுபோல் மேலேறினாலும், பரிசோதனை நாள்வரை காத்திருக்காமல் அன்றே காட்டிவிடுங்கள்.